எடுத்த நாவலை நோட்டோடு திரும்ப வையுங்கள்

பெங்களூரு சிவாஜிநகரை ஒட்டிய எங்கள் பங்குக் கோவிலின் நூலகக் குழுவினருக்கு,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பின் கூடும் வாசகர் வட்டம் சென்ற மாதம் வாசித்த நாவலை, காதல் கதைக்குக் கோவில் நூலகத்தில் இடமில்லை என்று சொல்லி அலமாரியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். வாசகர்கள் கருத்தெழுதிய நோட்டும் அதோடு போய்விட்டது. நாவலைக் காட்டிலும் அந்த நோட்டுக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமமொன்றில், இறந்த தந்தை ஒளித்துவைத்த கடிதத்தைத் தேடும் பெண்ணின் கதை அது. குற்றவாளி யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டதாக ஒருவர் எழுதினார். மர்மத்துக்காகவே இரவெல்லாம் விழித்திருந்ததாக இன்னொருவர் எழுதினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், பேத்தி வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்டுவந்தவர், கதாநாயகி தந்தையை மன்னிக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, "நான் இன்னும் எங்க அண்ணனை மன்னிக்கலையே" என்றாராம். பேத்தி அதைப் பச்சை மையில் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். என் கருத்தோ கடுமையானது: கதாநாயகனுக்கு விசுவாசம் கடைசி அத்தியாயத்தில், கல்யாணத் தடை நீங்குவதற்கென்றே வந்ததுபோல் வருகிறது, அதை என்னால் நம்ப முடியவில்லை.

காதலும் மர்மமும் விசுவாசத்துக்கு ஆகாது என்றால், நம் திருவிவிலியத்தில் உள்ள தோபித்து நூலை என்ன செய்வது? நினிவேக்கு நாடுகடத்தப்பட்டோரின் காலத்தில் நடக்கும் கதை அது. ஏழு கணவரை முதலிரவிலேயே பறிகொடுத்த சாராவைத் தோபித்தின் மகன் தோபியா மணக்கிறான். அவனும் இறந்துவிடுவான் என்று அஞ்சிய மாமனார் இரவோடிரவாகக் குழி வெட்டச் செய்து, பணிப்பெண்ணை விளக்கோடு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார். இருவரும் அயர்ந்து உறங்குகிறார்கள். தோபியாவின் பயணத்தில் வழித்துணையாக வந்தவர் வானதூதர் இரபேல் என்பது முடிவில்தான் வெளிப்படுகிறது. அந்த இரவில் தோபியா செய்யும் மன்றாட்டைத் திருமணத் திருப்பலி வாசகங்களில் ஒன்றாகத் திருச்சபையே வைத்திருக்கிறது. தானியேல் நூலில், சூசன்னா என்ற பெண் ஓர் இளைஞனோடு இருந்ததாகப் பொய்ப்பழி சொன்ன முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே விசாரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு மரத்தைச் சொல்ல வைத்துப் பொய்யை உடைப்பதும் துப்பறிதல்தானே!

ஆகவே நாவலை அதன் இடத்திலும், நோட்டை அதன் அருகிலும் வைக்கும்படி வேண்டுகிறேன். உங்களுக்கு மறுப்பு இருந்தால் அதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்; பாட்டி சொன்னதற்கு அடுத்த பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்து உறுப்பினர் ஒருவர்