முதலில் எடையைக் குறை, அப்புறம் நட என்று சொல்லாதீர்கள்

வடசென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் மாநகராட்சி மண்டல அலுவலர்களுக்கும் வணக்கம்.

நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் முட்டி வலியோடு வந்தால், "முதல்ல எடையைக் குறைங்க, அப்புறம் நடக்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். என் அக்காவிடம் ஓரிடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு காய்கறி வாங்கக்கூட அவர் தெருவில் இறங்குவதில்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 130 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. எல்லோரும் கடுமையான உடல்பருமன் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். உணவுக் கட்டுப்பாடு எல்லோருக்கும் உண்டு. ஆனால் பாதிப் பேர் தொடக்கத்திலேயே உடற்பயிற்சியில் இறங்கினார்கள், மீதிப் பேர் ஆறு மாதம் கழித்து. ஆறாவது மாதத்தில் முன்னவர்களுக்குச் சராசரியாக 10.9 கிலோ குறைந்திருந்தது, பின்னவர்களுக்கு 8.2 கிலோ. வருட முடிவில் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உடற்பயிற்சி சேர்ந்ததால் இடுப்புச் சுற்றளவும் கல்லீரல் கொழுப்பும் கூடுதலாகக் குறைந்தன. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால், ஒவ்வொரு முறையும் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். ஒரு இஞ்ச் டேப் போதும்.

ஓட்ஸ், ப்ராக்கோலி போட்ட டயட் சார்ட் எங்களுக்கு உதவாது. எங்கள் வீடுகளில் வேகிறது ரேஷன் அரிசி, துவரம் பருப்பு, காசிமேட்டு நெத்திலி. சோற்றை எவ்வளவு குறைப்பது, பருப்பும் முட்டையும் குழம்பு மீனும் எவ்வளவு சேர்ப்பது என்று கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள். வெறுமனே பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை போனால் மாடிப்படி ஏற முடியாது.

மண்டல அலுவலர்களே, 'நடப்போம் நலம் பெறுவோம்' நல்ல திட்டம்தான். 2023இல் சென்னைக்கென்று வந்த 8 கிலோமீட்டர் நடைபாதை தென்சென்னையின் பெசன்ட் நகரில் இருக்கிறது. ஐந்து நிமிடம் நடந்தாலே உட்கார வேண்டியிருப்பவர் தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே எப்படிப் போவார்? கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரத்திலும் அவரால் நடக்க முடியாது. எங்கள் பூங்காக்களில் மேடுபள்ளம் இல்லாத பாதையும், கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகக் கைப்பிடி வைத்த அகலமான பெஞ்சும், சுத்தமான கழிப்பறையும் வேண்டும். காலையில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கேலிக்குப் பயந்தே பலர் வெளியே வருவதில்லை.

பூங்கா தயாராகும்வரை என் அக்கா போன்றவர்களின் பெயர்களை 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் சேருங்கள். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், நாற்காலியிலிருந்து உட்கார்ந்து எழும் பயிற்சியையாவது இப்போதே சொல்லித் தரட்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை