வடக்குக் காட்டுக்கு ஏன் ஏழே பேர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பின்லாந்து காட்டுப் பயணத்துக்கான பலகையைக் கடை வாசலில் மாட்டியதிலிருந்து மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. போன முறை முப்பது பேரை அழைத்துப் போனீர்களே, இப்போது ஏன் ஏழே பேர்? பனி கொட்டும் டிசம்பரை விட்டுவிட்டு ஏன் செப்டம்பர்? அங்கே காட்டுக் குடில்கள் இலவசம் என்று வீடியோவில் பார்த்தோமே, தங்குவதற்கு எதற்குப் பணம்? கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில்கள் இல்லை இவை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் போன பயணத்தைப் பற்றி. இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து, பெரிய பஸ்ஸில், டிசம்பரில் போனோம். வடகிழக்குப் பின்லாந்தில் கூசமோ என்ற ஊர்ப் பக்கம், மூல்லூகோஸ்கி என்ற இடத்தில், கித்கா ஆறு அந்தக் குளிரிலும் உறையாமல் ஓடுகிறது. கரும்பழுப்பு உடலும் வெள்ளை மார்பும் கொண்ட ஒரு சின்னப் பறவை அந்தச் சுழலுக்குள் முங்கி, ஆற்றின் அடியில் இரை தேடிவிட்டு மேலே வரும். அதைக் காட்டத்தான் போனோம். முப்பது பேரும் பாலத்தில் ஏறி, ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, போனில் பாட்டும் போட்ட பிறகு பறவை எங்கே நிற்கும்? தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து, "இவ்ளோ தூரம் வந்தும் மின்ட் ஸ்ட்ரீட்ல நிக்கிற மாதிரிதான்பா இருக்கு" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அந்த வருத்தம் எங்கள் பொறுப்பு. ஊர் திரும்பியதுமே பயணத்தை அடியிலிருந்து மாற்றி எழுதினோம்.

இப்போது ஏழு என்ற கணக்கு. அங்கே சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர், தன்னைத் தவிர எட்டுப் பேர் வரை ஏற்றி வேன் ஓட்டலாம். எங்கள் உள்ளூர் வழிகாட்டி ஓட்டுவார். எங்கள் கடையிலிருந்து ஒருவர் கூட வருவார், வழிகாட்டி சொல்வதையெல்லாம் தமிழில் சொல்வது அவர் வேலை. மீதி ஏழு இடம் உங்களுக்கு. எட்டாவது ஆள் வந்தால் இரண்டாவது வண்டி, இரண்டாவது ஓட்டுநர் என்று போகும், அப்புறம் பழையபடி ஊர்வலம்தான். தலைக்கு ஆகும் செலவு கூடியிருப்பது உண்மை. எது எதற்கு எவ்வளவு என்ற கணக்கைக் கடையில் எழுதி வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்.

செப்டம்பர் ஏன் என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் உண்டு: ருஸ்கா. வடபின்லாந்தில் இலையுதிர்கால நிறமாற்றத்துக்கு அதுதான் பெயர். இலையிலுள்ள பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிர்ச் மரங்கள் அப்படித்தான் மஞ்சளாகின்றன. சிவப்பு வேறு வகை. குளிர்ந்த இரவும் வெயிலுள்ள பகலும் சேரும்போது இலை அதைப் புதிதாகவே உண்டாக்குகிறது. தரையோடு படர்ந்த அவுரிநெல்லிச் செடி (கடைகளில் புளூபெர்ரி என்று விற்பதன் உறவு) குங்குமம் கொட்டியது போல ஆகிவிடும். எல்லாம் ஒன்றிரண்டு வாரம்தான். நாம் ஆவணிக் கடைசியில் புறப்பட்டுப் புரட்டாசித் தொடக்கத்தில் திரும்புகிறோம்.

ஜூலையில் போகக் கூடாதா என்றும் சிலர் கேட்டார்கள். வடசென்னையில் பிறந்து வளர்ந்த நமக்கே கொசு புதிதில்லை. ஆனால் ஜூலையில் அந்தச் சதுப்புக் காட்டில் மொய்க்கும் கொசுவுக்கு முகத்தில் வலை கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இரவில் சில டிகிரிக்குக் குளிர் இறங்கத் தொடங்கினால் கொசு அடங்கிவிடும்.

துருவ ஒளியைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறோம். சூரியனிலிருந்து வரும் துகள்கள், தரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு மேலே காற்றிலுள்ள ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் மோதுவதால் வரும் வெளிச்சம் அது. பச்சை நிறம் ஆக்சிஜன் தருவது. கோடையில் இரவு இருட்டாததால் கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் இருட்டு உண்டு, ஏரிகளும் இன்னும் உறைந்திருக்காது, தெளிந்த வானம் அமைந்தால் ஒளி தண்ணீரிலும் தெரியும். மேகம் மூடினால் இல்லை. இதற்கு நாங்கள் உறுதி தர மாட்டோம். துருவ ஒளிக்காக மட்டும் வருவதாக இருந்தால், தயவுசெய்து இந்தப் பயணத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து குடில். வீடியோவில் நீங்கள் பார்த்தது பொய்யில்லை. பின்லாந்துக் காடுகளில் அவுத்தியோதுபா எனப்படும் திறந்த குடில்கள் இருக்கின்றன. பூட்டு கிடையாது, வாடகையும் கிடையாது. அடுப்பும் விறகும் இருக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: கடைசியாக வந்து சேர்பவருக்கே முதல் உரிமை. குடில் நிறைந்திருந்தாலும், மழையில் நனைந்து ஒருவர் கதவைத் திறந்தால், ஏற்கெனவே இளைப்பாறியவர்கள் இடம் விட வேண்டும். தேவைப்பட்டால் வெளியே போய்க் கூடாரம் போட வேண்டும். புறப்படும்போது அடுத்து வருபவருக்காக விறகு பிளந்து வைத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், காசு வாங்கிக்கொண்டு ஆள் கூட்டிப்போகும் எங்களைப் போன்றவர்கள் குழுவை இறக்கி இரவு தங்குவது முறையில்லை. அந்தக் குடில்கள் வணிகக் குழுக்களுக்கானவை அல்ல. பகலில் ஒன்றைக் காட்டுவோம், வாசலில் உட்கார்ந்து டீ குடிப்போம். படுப்பது வாடகைக்கு எடுத்த ஏரிக்கரை மரவீடுகளில். மொக்கி என்பார்கள் அங்கே.

மொக்கி என்றால் ஓட்டல் இல்லை என்பதை முன்பே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கும், தண்ணீர் ஊற்றாத வகை, மரத்தூளோ மக்கோ போட்டு மூட வேண்டும். தண்ணீர் வாளியில் கொண்டு வர வேண்டும். விறகு பிளக்க வேண்டும், அதற்குக் கத்துக்கொடுப்போம். மாலையில் சவுனா உண்டு. மரத்தால் ஆன சிறு அறை, விறகு அடுப்பின் மேல் கற்கள், அதில் தண்ணீர் ஊற்றினால் ஆவி. பெண்களுக்குத் தனி நேரம், ஆண்களுக்குத் தனி நேரம். கட்டாயம் எதுவுமில்லை. ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

சமையல் நம் கையில்தான் என்பதால் புரட்டாசி விரதம் இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளி எடுத்து வரலாம். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பச்சைக் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கருவாட்டுக்கு விதி இடம் கொடுக்கிறது, ஆனால் மரச்சுவர் வாசனையை விடாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்து வருபவரை நினைத்து அதையும் தவிர்த்துவிடலாம். அந்த நாட்டில் நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டுப் பழம் பறிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. நாம் போகும் நேரத்தில் சிவப்பு லிங்கன்பெர்ரி பழுத்திருக்கும், நம்மூர்க் களாக்காய் மாதிரி புளிப்பு. பச்சை மிளகாய் சேர்த்து வதக்கினால் சோற்றுக்கு அருமையான தொக்கு.

நடை எல்லாம் ஔலங்கா தேசியப் பூங்காவில். 1956-இல் காப்பகமாக்கப்பட்ட காடு. அதற்குள் போகும் 82 கிலோமீட்டர் நெடும்பாதைக்குக் கரடியின் சுற்று என்று பொருள்படும் பெயர். நாம் நடப்பது யூமா கிராமத்திலிருந்து கிளம்பும் 12 கிலோமீட்டர்ச் சிறு சுற்று. தொங்கு பாலங்கள், யூரவா அருவி, ஏறி இறங்க நிறைய மரப்படிகள். இன்னொரு நாள் ஔலங்கா ஆற்றின் கியூதாகொங்கஸ் பாய்ச்சலுக்கு, செம்பாறைகளின் ஓரமாக. கூக்கெலி என்ற காட்டுப் பறவை நாம் அசையாமல் உட்கார்ந்தால் கைக்கெட்டும் கிளைக்கே வரும். பக்கிங்ஹாம் கால்வாயையும் ஓட்டேரி நல்லாவையும் மூக்கைப் பொத்திக்கொண்டே கடந்து வளர்ந்தவன் நான். ஒரு முழு ஆற்றின் அடியில் கூழாங்கல்லை எண்ண முடிந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஏழு பேருக்கும் அப்படி ஒரு மணி நேரம் பேசாமல் நிற்க வாய்க்க வேண்டும். இவ்வளவு மாற்றமும் அதற்காகத்தான்.

கரடி பார்க்கும் மறைவிடங்களைப் பயணத்தில் சேர்க்கவில்லை. அங்கே இரை வைத்துத்தான் கரடியை வரவழைக்கிறார்கள், எங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

பெரம்பூர்க்காரர்கள் ரயிலைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். கூசமோவுக்குப் பயணிகள் ரயில் இல்லை. ஹெல்சிங்கியிலிருந்து ஔலு வரை இரவு ரயில், அங்கிருந்து வேனில் சுமார் மூன்று மணி நேரம். ஷெங்கன் விசாவுக்கு (பின்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். தாள்களைச் சரிபார்த்துத் தருவோம், விசா கொடுப்பது அவர்கள் முடிவு.

துணிமணியில் ஒன்றே ஒன்று: எம்.சி. ரோட்டில் வாங்கிய பருத்தி ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி உள்ளாடை, மழைக் கோட்டு, ஏற்கெனவே காலுக்குப் பழகிய பூட்ஸ் போதும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லாரும் எங்களோடு ஒருமுறை திருத்தணிக்கு வர வேண்டும். 365 படி, நிதானமாக, பூட்ஸோடு. மூச்சு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முடியாமல் போனால் வருத்தப்பட வேண்டாம், பழவேற்காட்டுப் பூநாரைப் பயணம் எப்போதும்போல இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஐந்தரைக்கு, பெரம்பூர் ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நிற்போம். தண்ணீர் பாட்டில் மட்டும் எடுத்து வாருங்கள், காலை டிபன் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
பெரம்பூர் கடையிலிருந்து