அந்த நீச்சல்குள பம்பைத் தொடாதே

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள தாமு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சரோஜா அக்கா உன்னைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டார்கள், நானும் அதே பதிலைச் சொல்லிவைத்தேன். இத்தனை மாதம் எழுதவில்லை என்று திட்டுவதானால் காவடிக்கு வரும்போது நேரில் திட்டிக்கொள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

உன் வாய்ஸ் நோட்டைக் கேட்டேன். எட்டடி கடல்நீர் மீன்தொட்டிக்குக் கண்ணாடி ஆர்டர் கொடுத்துவிட்டாய், பவளம் வளர்க்கப்போகிறாய், சந்தோஷம். கடைசியில் ஒன்று சொன்னாயே, மச்சான் வீட்டு நீச்சல்குள பம்ப் சும்மாதானே கிடக்கிறது, அது ஒன்றை மாட்டினால் போதும் என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு வரி படித்துவிட்டுக் கட்டைவிரல் காட்டிவிடுவாய். உன்னைத் தெரியாதா எனக்கு?

அந்த பம்ப் 0.75 கிலோவாட். தொட்டி பம்புக்கு ஓய்வு கிடையாது, 24 மணிநேரமும் ஓடும். நாளைக்கு 18 யூனிட், மாதத்துக்கு 540 யூனிட். அதே வேலையை 80 வாட் டிசி பம்ப் 58 யூனிட்டில் முடித்துவிடும். ப்ரீபெய்ட் மீட்டருக்கு நீ கட்டும் காசை வைத்து நீயே கணக்குப் போட்டுக்கொள். பூல் பம்ப் மணல் ஃபில்டருக்குள் தண்ணீரை அழுத்தித் தள்ளுவதற்காகச் செய்தது. உனக்கு அந்த அழுத்தம் வேண்டாம். பல மாடல்களில் கசிவைத் தடுக்கும் சீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கடல்நீருக்குத் தாங்காது. அது துருப்பிடித்து உலோகம் தண்ணீரில் கலந்தால் பவளம்தான் முதலில் போகும். சத்தத்தைப் பற்றி உன் மனைவி சொல்லுவாள்.

பம்பைவிட உன் யோசனைதான் எனக்குப் பெரிய கவலை. ஒரே பம்ப் எல்லா வேலையையும் பார்க்கும் என்று நினைக்கிறாய். பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியில் தண்ணீரை ஓட்டுவது இரண்டு தனித்தனி வேலை. கீழே வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்புக்கும் மேல் தொட்டிக்கும் இடையே தண்ணீரைச் சுற்றவிடுவது ஒன்று. தொட்டிக்குள்ளேயே பவளத்தின் மேல் நீரோட்டம் கிளப்புவது இன்னொன்று. முதலாவதற்குக் கொஞ்சம் போதும். இரண்டாவதற்கு நீ நினைப்பதைவிடப் பத்து மடங்கு வேண்டும்.

கணக்கைப் பார். 2.4 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்றால் விளிம்புவரை 1,080 லிட்டர். பாறையும் மணலும் போக 950 என்று வை. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு நாலைந்து தடவை இதைச் சுற்றினால் போதும், அதாவது 4,500 லிட்டர். அதற்கு மேல் போனால் நுரை கிளப்பிக் கழிவை எடுக்கும் ஸ்கிம்மருக்கு லாபமில்லை. தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாய் இரைச்சல் போடும், சம்ப்பில் குமிழி கூடும்.

ஆனால் பெட்டியில் 4,500 என்று போட்டிருப்பதை வாங்கிவிடாதே. அது தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த எண். உள்ளே இருக்கும் தாளில் ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று அதில்தான் பார்க்க வேண்டும். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அள, குழாய் உராய்வைக் கூட்டு, அந்த உயரத்தில் 4,500 தரும் பம்பை எடு. பெரும்பாலும் 9,000, 10,000 என்று பெயர் போட்ட டிசி பம்பில் வந்து நிற்பாய். அமெரிக்கப் பட்டியலைப் பார்க்கிறாய் என்றால் இன்னும் கவனம். அங்கே கேலன் என்பது 3.785 லிட்டர். ஏசி பம்பாக இருந்தால் அவர்கள் 60 ஹெர்ட்ஸில் அளந்திருப்பார்கள், நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். நம் கரண்ட்டுக்கு ஆகாத 120 வோல்ட் சாமானை யாராவது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு.

உராய்வு என்றேனே, சம்ப்பைச் சுவருக்குப் பின்னால் கராஜில் வைக்கிறேன் என்றாய் அல்லவா? ஆறு மீட்டர் குழாய். அதை 25 மி.மீ. பிவிசியில் போட்டால் உள்விட்டம் 22தான் இருக்கும். மணிக்கு 4,500 லிட்டர் அதற்குள் போகும்போது உராய்வில் மட்டும் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்தின் அழுத்தம் வீணாகும். அதையே 50 மி.மீ. குழாயில் போட்டால் நேர்க்குழாயில் 10 செ.மீ.கூடப் போகாது. 50 மி.மீ. சாமான்கள் நீச்சல்குளக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். அந்த மட்டில் குளத்துக்காரனிடம் போ. 90 டிகிரி வளைவுத் துண்டு (எல்போ) ஒன்று போடும் இடத்தில் இரண்டு 45 டிகிரி போடு. பம்பை ஒட்டி ஒரு சாண் சிலிகான் ஹோஸ் வை, அதிர்வு சுவருக்குப் போகாது. கழற்றி மாட்டும் யூனியன், திறந்து மூடும் பால் வால்வு எல்லாம் பம்பின் வெளிவாய்ப் பக்கம் மட்டும். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்ப் உறுமி உறுமிச் சாகும்.

கரண்ட் போகும் நொடியை நினைத்துக்கொண்டு சம்ப்பை அள. தொட்டியின் பரப்பு 1.8 சதுர மீட்டர், ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 18 லிட்டர் கீழே வரும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் குழாயே தண்ணீரைத் தானாகக் கீழே இழுக்கும் (சைஃபன்), 90 லிட்டர் திரும்பும். ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீர், குழாய்களில் இருப்பது எல்லாம் சேர்த்தால் 130 லிட்டருக்குச் சம்ப்பில் காலியிடம் வேண்டும். ஒருவழி வால்வு இருக்கிறதே என்று சொல்லாதே. அதில் ஒரு நத்தை உட்கார்ந்தால் போதும், கராஜ் முழுக்கக் கடல். குழாயின் வாயை மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே மட்டும் வை. காற்று இழுக்கச் சின்ன ஓட்டை ஒன்றும் போடு, அது பாசி பிடித்து அடைபடும், வாரம் ஒருமுறை குச்சியால் குத்து.

சரி, இரண்டாவது வேலைக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

பவளம் இடம்விட்டு நகராது. மூச்சும் சாப்பாடும் தண்ணீரில்தான் வர வேண்டும், கழிவும் சளியும் தண்ணீரில்தான் போக வேண்டும். அதன் தோலை ஒட்டி, அசையாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் எப்போதும் இருக்கும். ஆக்ஸிஜன் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஓட்டம் கூடக் கூட அந்தப் படலம் மெலியும். சொட்வானா கடலில் மிதந்துகொண்டே பார்த்தோமே, அந்த மென்பவளமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, மறுபக்கம் சாயும். அந்தப் போய்வரும் ஓட்டம்தான் வேண்டும். ஒரே திசையில் தோட்டக் குழாய்போலப் பீய்ச்சினால் எதிரே இருக்கும் பவளத்தின் சதை கிழிந்து எலும்பு தெரியும், முதுகுப் பக்கம் அழுக்குத் தேங்கும்.

அதனால் வேவ்மேக்கர் வாங்கு, விசிறி வைத்த வகை. அது அகலமாக, மெதுவாக, நிறையத் தண்ணீரைத் தள்ளும். காளான் பவளம், யூஃபில்லியா மாதிரி மெதுவான ஓட்டம் போதுமான பவளம் மட்டும் என்றால் மணிக்குத் தொட்டியைப் போல 15, 20 மடங்கு போதும். உனக்கு வேக ஓட்டம் கேட்கும் அக்ரோபோரா பவளத்தின் மேல் ஆசை இருக்கிறது, நாற்பது மடங்கு வை. 38,000 லிட்டர். அதை ஒரே ராட்சசனிடம் கொடுக்காதே. 15,000 லிட்டர் வகையில் இரண்டை இரு முனைக் கண்ணாடியிலும் மேற்பரப்பை ஒட்டி எதிரெதிராக வை. 8,000 வகையில் இரண்டைப் பின்கண்ணாடியில், பாறைக்குப் பின்னால் அழுக்கு தேங்கும் மூலைகளைப் பார்த்து வை. கூட்டினால் 46,000 வருகிறதே என்றால், எதையும் நூறு சதவீதத்தில் ஓட்டப்போவதில்லை. எண்பதில் ஓட்டினால் சத்தம் குறையும், ஆயுளும் கூடும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கும்.

எந்த வகை என்றால், டுன்ஸே பாணியில் கூண்டுக்குள் விசிறி இருப்பதைக் காந்தத்தில் எந்தப் பக்கமும் திருப்பலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். வார்டெக் பாணியில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கும். தண்ணீருக்குள் வயர் கிடையாது, மோட்டார் சூடும் வெளியே போகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது வரம், உன் ஊர்க் குளிருக்கு அவ்வளவு அவசியமில்லை. கைர் பாணி தண்ணீரைப் பாய் விரித்த மாதிரித் தள்ளும், நீளமான தொட்டிக்கு நன்றாக இருக்கும். ஆனால் கழுவுவதற்குப் பாகங்கள் அதிகம், உன் சோம்பேறித்தனத்துக்கு அது ஆகாது. எதுவானாலும் எத்தனை மி.மீ. கண்ணாடிக்குக் காந்தம் தாங்கும் என்று பார்த்து வாங்கு. 12 மி.மீ.க்குச் செய்த காந்தம் 19 மி.மீ. கண்ணாடியில் இராத்திரி வழுக்கி மணலில் விழும், காலையில் தொட்டிக்குள் புழுதிப்புயல். மணலும் பொடியாக வேண்டாம், இரண்டிலிருந்து நாலு மி.மீ. குருணையாக எடு. கன்ட்ரோலரில் அலை அடிக்கும் ஒரு மோடு இருக்கும். பார்க்க அழகு, ஆனால் ஆயிரம் லிட்டர் ஊஞ்சலாடினால் சிலிகான் மூட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் ஆகாது. மாறிமாறி ஓடும் மோடே போதும்.

சின்னவள் கடல் அனிமோனி கேட்கிறாள் என்றாய். அது இடம்விட்டு இடம் நகரும், தாமு. ராத்திரி நடந்து போய் விசிறிக்குள் கை வைத்துச் சல்லிசல்லியாகும், அதன் நஞ்சு மொத்தத் தொட்டியையும் கெடுக்கும். விசிறிக்குப் பஞ்சுக் கவசம் மாட்டாமல் அதை வீட்டுக்குள் விடாதே.

இனி விளையாட்டில்லை. நீ இருப்பது ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா, கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல். உன் ஊர்க் காற்றழுத்தம் எங்கள் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். 26 டிகிரி கடல்நீர் இங்கே லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்துவைக்கும் என்றால் அங்கே சுமார் 5.5தான். தொடக்கத்திலேயே உனக்குக் கையிருப்பு குறைவு. இரவில் பவளம், மீன், பாக்டீரியா எல்லாம் மூச்சு இழுக்கும், தருபவர் யாருமில்லை. விடிவதற்கு முன்தான் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே "இரவு மோடு" என்று வேகத்தைப் பாதியாக்குவதை நீ செய்யாதே. குறைந்தது இரண்டு பம்பாவது விடியவிடிய மேற்பரப்பை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதோடு நம் நாட்டுக் கரண்ட். 2023ஐ மறந்துவிட்டாயா? முறை வைத்துக் கரண்ட் நிறுத்தும் லோட் ஷெட்டிங் ஓய்ந்தது என்று நிம்மதியாக இருக்காதே. கேபிள் திருட்டு ஓயவில்லை, கரண்ட் வந்த வேகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போய் இன்னும் எட்டு மணிநேரம் இருட்டில் உட்காருவதும் ஓயவில்லை. முனை பம்புகள் இரண்டும் 24 வோல்ட் டிசியாக வாங்கச் சொல்வது அதற்குத்தான். 12 வோல்ட் 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-ஹவர் இருக்கும், ஆயிரம் என்று வை. அரை வேகத்தில் பம்புக்கு 12 வாட், கன்வர்ட்டர் தின்பது சேர்த்து 27 வாட். ஒன்றரை நாள் தாங்கும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் இன்வெர்ட்டரே சும்மா இருக்கும்போது 15, 20 வாட் விழுங்கும், அதனால் டிசியை டிசியாகவே கொடு. நடுவில் 24 வோல்ட்டுக்கு ஏற்றும் கன்வர்ட்டர், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ். ரிட்டர்ன், ஸ்கிம்மர், ஹீட்டர் எதையும் பேட்டரியில் சேர்க்காதே.

தொட்டிக்குத் தனி எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச், போடச் சொல்லு. ஒரு பம்பில் மோட்டாரை மூடிய ரெசின் பூச்சு விரிசல் விட்டால் 30 மில்லிஆம்ப் கசிவிலேயே வீட்டின் டிபி (மெயின்) போர்டு முழுக்க விழுந்துவிடும், நீ வேலையில் இருப்பாய், வீட்டில் ஃப்ரிட்ஜும் நிற்கும். கன்ட்ரோலர் பெட்டிகளைச் சம்ப்புக்கு மேல் மாட்டாதே, உப்பு ஏறி முதலில் சாவது அவைதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா பம்பையும் கழற்று. ஒரு கப் சிட்ரிக் அமிலம், நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், பக்கெட்டில் ஒரு மணிநேரம் ஓடவிடு. பூலுக்கு ஊற்றும் ஆசிட் வேண்டாம், பூச்சைத் தின்னும். சுண்ணாம்பு படிந்த ரோட்டர் (பம்புக்குள் சுற்றும் பாகம்) ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். கரண்ட் போய் வந்தால்தான் கிளம்ப மறுக்கும். பீங்கான் தண்டைக் கைதவறிக் கீழே போடாதே, உடனே உடையும். தண்டும் ரப்பர் புஷ்ஷும் ஒரு ஜோடி கூடவே வாங்கி வை. கடைக்காரன் உதிரிபாகம் இல்லை என்றால் அந்த பம்பே வேண்டாம்.

கண்ணாடி 15 மி.மீ.ஆ 19 மி.மீ.ஆ, சம்ப் எத்தனை லிட்டர், கராஜ் தரை ஹாலைவிட எவ்வளவு பள்ளம், இந்த மூன்றையும் அளந்து எழுது. அதற்கு முன் யாருக்கும் பணம் கட்டாதே. கண்ணனிடம் என் பெரிய ரெஞ்சு இன்னும் கிடக்கிறது, கேட்டால் தெரியாத மாதிரி சிரிப்பான். 50 மி.மீ. யூனியன் இறுக்க உனக்கு அது வேண்டும், பிடுங்கிக்கொள்.

அன்புடன்,
வேலு