அது லாலுக்கு கூடுன கூட்டம் இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க சினிமா இணைப்புல, பெரிய நடிகருங்க கௌரவ வேஷத்துல தலையக் காட்டிட்டுப் போறதப் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. எங்க பக்கம் வர்ற பேப்பர் கட்டுல அந்த இணைப்பு இருக்கறதில்லை, இங்க் வாங்க பொள்ளாச்சி போன எடத்துல டீக்கடையில படிச்சேன். உங்க நிருபர் நல்லாத்தான் எழுதியிருக்காரு, இல்லைங்கலை. ஆனா நடுவால ஒரே ஒரு வரி. ஜெயிலர் படத்துக்கு பாலக்காட்டு எல்லைத் தியேட்டருங்கள்ல காலங்காத்தால கூடுனது மோகன்லாலுக்காக வந்த மலையாள ரசிகர் கூட்டமாம். அத படிச்சுப்போட்டு டீய அப்படியே வெச்சுட்டு வந்துட்டேனுங்க.

எனக்கு கேரளாவுல, பாலக்காட்டு எல்லையோரம் இருக்கற கொழிஞ்சாம்பாறை. ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கேன். 2019-ல கேரளாவுல பிவிசி ஃப்ளெக்ஸுக்கு தடை போட்டாங்க, அதுக்கப்பறம் துணியிலதான் அடிக்கிறோம், பேரு மட்டும் இன்னும் ஃப்ளெக்ஸ் கடைதான். இந்த சுத்துவட்டாரத்துல எந்த மன்றத்துக்காரங்க எந்தப் படத்துக்கு யாரு மூஞ்சிய எம்புட்டு பெருசா போடச் சொன்னாங்கன்னு உங்க நிருபருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஃபைல் பூராவும் இன்னும் சிஸ்டத்துல கெடக்குது.

ஜெயிலர் வந்தது 2023 ஆகஸ்ட் 10. அதுக்கு முந்தின வாரமே ரஜினி மன்றத்துப் பசங்க வந்துட்டாங்க, அத்தனையும் வீட்டுல தமிழ் பேசற பசங்க, தேங்கா உரிக்கறவன், கள்ளு வண்டி ஓட்டறவன் இப்படி. பத்துக்கு இருபது அடி பேனர், தலைவர் மட்டும் போதும்னாங்க. லால் சார் நடிக்கறாருன்னு ஸ்டில்லோட எப்பவோ வெளியில வந்தாச்சு, அதனால யாவாரத்த நெனச்சு நான்தான் சொன்னேன், அவரையும் ஒரு மூலையில வெச்சுக்குங்கடா, தியேட்டர்காரர் சந்தோசப்படுவாருன்னு. சரின்னு கீழ வலது மூலையில, ரிங் அடிக்கிற ஓரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு லால். அடுத்த நாள் லால் ஃபேன்ஸ் பசங்க கடைக்கு வந்து கம்ப்யூட்டர எட்டிப் பாத்துட்டு, "சேட்டா, இது போட்டோவா ஸ்டாம்பா"ன்னு கேட்டாங்க. பொறவு ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி, லால் நெத்தி தலைவர் தோளுக்கு மேல போகக் கூடாதுன்னு முடிவாச்சு. அந்தத் தோள் கணக்குக்காக ராத்திரி கடைய சாத்திட்டு உள்ள உக்காந்து மவுஸ உருட்டிட்டிருந்தவன் நான். இது லால் கூட்டமா இருந்தா அவரு ஏனுங்க தோளுக்குக் கீழ இருந்திருப்பாரு?

அன்னிக்கு இங்க ஆறு மணிக்கு முதல் ஷோ, உங்க பக்கம் ஒம்போது மணிக்குத்தான். உங்க நிருபர் தியேட்டர் வாசல்ல நின்ன வண்டி நம்பரையாச்சும் பாத்திருக்கலாம். பாதி டிஎன் 41, டிஎன் 37, எல்லாம் பொள்ளாச்சி கோயமுத்தூர் வண்டி. மீதி கேஎல் 70, அதுல வந்தவங்கள்லயும் நெறைய பேரு எங்காளுங்க. லால் அந்தப் பூப்போட்ட சட்டையில வந்தப்ப தியேட்டரே அலறுச்சு, நானும் விசிலடிச்சேன், ஏன் அடிக்கக் கூடாது? கல்யாணத்துக்குப் போன எடத்துல பாயசம் நல்லாருந்தா, பாயசத்துக்குத்தான் வந்தானுங்கன்னு எழுதுவீங்களா? ரெண்டாம் நாளே மன்றத்துப் பசங்க ஓடி வந்து, அதே படத்துல தலையக் காட்டுன கன்னட நடிகர் சிவராஜ்குமாரையும் பேனர்ல சேக்கச் சொன்னாங்க. அப்ப கொழிஞ்சாம்பாறையில கன்னட ரசிகர் கூட்டம் எங்கிருந்து மொளச்சுது, அதையும் உங்க நிருபரே எழுதட்டும்.

இன்னொன்னு. கூலி படத்துல மலையாள நடிகர் சௌபினையும் உங்க நிருபர் கௌரவ வேஷக் கணக்குல சேத்துட்டாரு. அது முழு வேஷமுங்க. வந்துட்டுப் போனது ஆமிர்கான், மோனிகா பாட்டுக்கு மட்டும் வந்தது பூஜா ஹெக்டே. மோனிகா பாட்டு வந்த அன்னிக்கே சௌபின் ஆடற போஸ் வேணும்னு கேட்டு வந்துட்டாங்க. ஆமிர்கான் மூஞ்சி போடட்டுமான்னு நானா கேட்டும் ஒருத்தனும் வேணும்னு சொல்லலை.

எங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன. 2008-ல குசேலன் வந்தப்ப பட்டதுக்கு முன்னாடி இது ஒன்னுமே இல்லை. அதோட மலையாளம் கத பறயும்போள் அதுக்கு முந்தின வருசமே வந்துருச்சு, நாங்க இங்கயே பாத்தாச்சு, கடைசியில மம்மூட்டி மேடையேறி பேசறப்ப கண்ணத் தொடைக்காத ஆளு இல்லை. அளவா வந்தாரு, மொத்தப் படத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. அதையே தமிழ்ல எடுக்கறப்ப தலைவர இழுத்து இழுத்து நீட்டி, பாட்டு, நயன்தாரா, வடிவேலுன்னு எல்லாத்தையும் கொட்டி, முழு ரஜினி படம்னு வித்தாங்க. சென்னையில இருக்கறவங்க நல்லால்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க, நாங்க மறுநாள் காலையில அதே மலையாளத்துக்காரங்க மூஞ்சியிலதானுங்க முழிக்கணும். அப்ப உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டேன். நீங்க போடலை. 2024-ல லால் சலாம் வந்தப்பவும் இதே கூத்து, தலைவர் மொய்தீன் பாயா போஸ்டர் முழுக்க நிக்கறாரு, படத்துல ஹீரோ வேற ஆளு.

லியோ கதைய கேளுங்க. 2023 அக்டோபர் 19, இங்க நாலு மணி ஷோ, தமிழ்நாட்டுல ஒம்போது. கோயமுத்தூர் பசங்க ஆன்லைன்லயே அள்ளிட்டுப் போயிட்டாங்க, உள்ளூர்லயே பொறந்து வளந்த எங்கக்கா பையன் டிக்கெட் இல்லாம வாசல்ல நின்னான். மறுநாள் நீங்க எல்லை தாண்டி வந்த ரசிகர்கள்னு பெரிய போட்டோ போட்டீங்க. அந்த எல்லையிலயே குடியிருக்கறவன பத்தி ஒரு வரி கெடையாது. சரி, படம்தான் என்ன, கமல் வருவாரு வருவாருன்னு வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்தா கடைசியில குரல் மட்டும் வருது. எல்லாம் விக்ரம் படத்துக் கடைசியில ரோலக்ஸா வந்து சூர்யா கெளப்பி விட்டது, அவருக்காச்சும் கமல் கையால ரோலக்ஸ் வாட்ச் கெடச்சுது. 1981-ல தில்லு முல்லு கடைசியில கமல் வக்கீலா வந்தாரு, எத்தனை நிமிசம்னு எவன் எண்ணிட்டிருந்தான்?

சினிமா மட்டும்னா விட்டுருவேன். ஆழியாறு தண்ணி பிரச்சனை வந்தாலும் உங்க பேப்பர்ல இதேதான். மணக்கடவு வழியா வருசத்துக்கு 7.25 டிஎம்சி "கேரளாவுக்குப் போகிறது"ன்னு தலைப்பு போடறீங்க. போய் எங்க சேருதுங்க? சித்தூர் தாலுகாவுல. அதுல நெல்லு நடறவன், தென்னைக்கு பாய்ச்சறவன் எத்தனை பேரு தமிழனுங்கன்னு உங்களுக்குத் தெரியாததா? 1956-ல மாநிலம் பிரிச்சு கோடு போட்டாங்க, நாங்க இந்தப் பக்கம் நின்னுட்டோம். இங்க எங்களுக்கு பாண்டின்னு பேரு, அங்க வந்தா மலையாளத்தான்னு பேரு. உங்க கோவை பதிப்பு வால்பாறை மலை வரைக்கும் ஏறுது, எல்லையில இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்ட மட்டும் தாண்ட மாட்டேங்குது.

பெருசா ஒன்னும் கேக்கலைங்க. ஜெயிலருக்கு அன்னிக்கு வந்தது பெரும்பாலும் தமிழ் ரசிகருங்க, ரஜினிக்கு வந்தவங்கன்னு எங்கயாச்சும் ஒரு மூலையில ஒரு வரி திருத்தம் போட்டா போதும், ஸ்டாம்ப் சைஸ் இருந்தாலும் சரி. ஜெயிலர் 2 ஷூட்டிங்குக்கு தலைவர் அட்டப்பாடி வந்துட்டுப் போனதுல இருந்தே, அதுல யாரு யாரு வர்றாங்க, யாரு மூஞ்சி எந்த சைஸுன்னு என் கடையில சண்டை ஆரம்பிச்சாச்சு. அந்தப் படத்துக்கு உங்க நிருபர அனுப்புங்க, டிக்கெட் நானே எடுத்து வெக்கறேன். புக்கிங் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, இல்லைன்னா கோயமுத்தூர் பசங்க விட்டு வெக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஃப்ளெக்ஸ் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை