கடைசிப் பத்து நிமிடம்

திருகோணமலை,
ஜூன் 8

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஹட்டனில் மழை விட்டபாடில்லை, மைதானம் முழுக்கச் சேறு என்று எழுதியிருந்தாய். இங்கே அதற்கு நேர்மாறு. கச்சான் காற்று, அந்த வரண்ட வெக்கைக் காற்று, தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்குச் சீமெந்துத் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. ஓகஸ்ட் முதற்கிழமை உன் பெண்கள் அணிப் பிள்ளைகளைச் சிநேகபூர்வக் கூடைப்பந்துப் போட்டிக்கு இங்கே கூட்டிவருகிறாய் என்றதும் எனக்குப் பெரிய சந்தோஷம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது எப்படி? மறக்காமல் எழுது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கால்பகுதி வரை முன்னிலையில் இருக்கிறார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் கைவிட்டுப் போகிறது, அதனால் தோட்டப் பாதையில் தினமும் ஐந்து கிலோமீற்றர் ஓடவிடப் போகிறேன் என்கிறாய். அதைச் செய்யாதே. இறக்கமான தார்ப் பாதையில் தினமும் ஓடினால் கொஞ்ச நாளிலேயே சிலருக்குக் கணைக்கால் எலும்பு நோகத் தொடங்கும். அதுமட்டுமல்ல, கூடைப்பந்தில் யாரும் ஒரே வேகத்தில் ஐந்து கிலோமீற்றர் ஓடுவதில்லை. நாற்பது நிமிட ஆட்டத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை அசைவு மாறிக்கொண்டே இருக்கிறது. பாய்ச்சல், சறுக்கு நடை, எழும்பல், திரும்பல், பிறகு ஃப்ரீ த்ரோவுக்காக (எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) கொஞ்ச நேரம் நிற்றல். பத்துப் பதினைந்து விநாடி முழுப் பலத்தோடு ஓடிவிட்டு, அடுத்த அரை நிமிடத்துக்குள் மூச்சை மீட்டுக்கொண்டு, திரும்பவும் அதே வேகத்தில் ஓட முடிகிறதா என்பதுதான் கேள்வி. உன் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும். மீளத்தான் தெரியவில்லை.

ஒரு குறும்பாய்ச்சலில் தசைக்குள் செலவான உடனடிச் சக்தியில் ஏறத்தாழப் பாதி அரை நிமிடத்தில் திரும்பிவரும். முழுதாய் வர மூன்று நிமிடத்துக்கு மேலாகும். அதைத் திருப்பி நிரப்புவது ஒட்சிசன். ஆகவே நீண்ட ஓட்டத்தின் அடித்தளம் முற்றாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அடித்தளமாக மட்டும் இருக்கட்டும்.

முதலில் யாருக்கு என்ன குறை என்று பார். எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் நாம் வழக்கமாக விடும் பிழை. கோடு தொட்டு ஓடும் ஓட்டத்தை எடு. பின்கோட்டிலிருந்து கிட்ட உள்ள ஃப்ரீ த்ரோ கோடு, நடுக்கோடு, தூரத்து ஃப்ரீ த்ரோ கோடு, மற்றப் பின்கோடு என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் திரும்பினால் 28 மீற்றர் கோர்ட்டில் சரியாக 140 மீற்றர் வரும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விசில், ஆறு ஓட்டம், ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுது. ஒரு பிள்ளை 32, 32, 33, 34, 35, 37 விநாடியில் முடிக்கிறாள் என்று வை. சராசரி 33.8. மிகச் சிறந்த நேரத்தைவிட ஆறு வீதம் அளவில்தான் சரிவு. அது பரவாயில்லை. இன்னொருத்தி 31இல் தொடங்கி 32, 35, 37, 39, 41 என்று போகிறாள். சராசரி 35.8, சரிவு பதினைந்து வீதத்துக்கு மேல். முதல் ஓட்டத்தைப் பார்த்து இவளைத்தான் அணியின் வேகமானவள் என்று நாம் நம்புவோம். கடைசிக் கால்பகுதியில் பந்தைத் தவறவிடுபவளும் இவள்தான். மூன்றாமவள் 36, 36, 36, 37, 37, 37. இவளுக்கு மூச்சு தாராளம். காலில் பலமும் வேகமும் இல்லை. இவளை மேலும் ஓடவைத்துப் பயனில்லை, பலப் பயிற்சிக்கு அனுப்பு.

ஒரு எச்சரிக்கை. ஆறு ஓட்டம் என்று தெரிந்தால் சில பிள்ளைகள் முதல் இரண்டை அடக்கி ஓடுவார்கள், சரிவு குறைவாகத் தெரியும். இரண்டு நாள் முந்தி ஒரே ஒரு ஓட்டம் மட்டும் ஓடவிட்டு அந்த நேரத்தை வைத்து ஒப்பிடு. கடைசி ஓட்டம் முடிந்ததும் பத்து விநாடி நாடி எண்ணி ஆறால் பெருக்கச் சொல், ஒரு நிமிடம் கழித்துத் திரும்பவும். முப்பதுக்கு மேல் இறங்கினால் நன்று. மிகக் குறைவாக இறங்குகிறவளை அன்றைக்கே கூப்பிட்டு நித்திரை, சாப்பாடு, காய்ச்சல் பற்றிக் கேள்.

இனி எட்டுக் கிழமை இருக்கிறது. முதல் இரண்டு கிழமையும் கிழமைக்கு மூன்று நாள், நான்கு நிமிட ஓட்டம் நான்கு, இடையில் மூன்று நிமிட நடை. முழு வசனம் பேச முடியாது, ஒன்றிரண்டு சொல்தான் வரும், அந்த வேகம். சமதரைப் புல் கிடைத்தால் அதுவே நல்லது. இங்கே சிலர் உப்புவெளிக் கடற்கரையில் ஓடவிடுகிறார்கள். ஈர மணலில், அலை வற்றிய இறுகிய பகுதியில் ஓடினால் சரி. ஆனால் கரை சரிவாய் இருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். போன தூரத்தையே திரும்பி வராவிட்டால் இடுப்பும் நாரியும் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் கிழமையிலிருந்து ஐந்தாம் கிழமை வரை கோர்ட்டுக்குள் வா. பதினைந்து விநாடி ஓட்டம், பதினைந்து விநாடி நிற்றல். ஒருமுறை போய்த் திரும்பினால் 56 மீற்றர், அதைப் பதினைந்து விநாடிக்குள் முடிக்க வேண்டும். முடியாதவர்கள் தூரத்து ஃப்ரீ த்ரோ கோட்டில் திரும்பட்டும், 44 மீற்றர் சொச்சம் வரும். எட்டு நிமிடத்தில் பதினாறு ஓட்டம். மூன்று நிமிட ஓய்வு, பிறகு இன்னொரு எட்டு நிமிடம். கிழமைக்கு இரண்டு நாள் போதும், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். மழையில் கோர்ட் வழுக்கினால் மண்டபத்துக்குள் கயிறடிக்க விடு. பதினைந்து விநாடி வேகமாக, பதினைந்து மெதுவாக. மாடிப்படி இருந்தால் ஓடி ஏறி நடந்து இறங்கட்டும். ஈரமான சீமெந்தில் மட்டும் திரும்பல் ஓட்டம் வேண்டாம்.

ஆறாம் கிழமையிலிருந்து பந்து இல்லாத ஓட்டத்தைக் குறைத்துவிடு. முழுக் கோர்ட்டில் மூவருக்கு மூவர், இரண்டு நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு, ஆறு தரம். விதி ஒன்று வை: யாரும் நடந்து திரும்பக்கூடாது. ஆள் குறைந்தால் ஒவ்வொருத்தியும் ஓட வேண்டிய இடம் கூடும், பந்தும் கூடுதலாய்க் கைக்கு வரும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூச்சு வாங்கும்போதே இரண்டு ஃப்ரீ த்ரோ. பந்து எங்கே படுகிறது என்று கவனி. வளையத்தின் முன்விளிம்பில் அடித்துத் திரும்பினால் பெரும்பாலும் கை பிழையல்ல, கால் களைத்துவிட்டது. தவறவிட்டதற்குத் தண்டனையாக ஓடவைக்காதே. தண்டனை ஓட்டம் ஓடிய பிள்ளை அடுத்த முறை மிச்சம் பிடித்து ஓடப் பழகுவாள். நமக்கு வேண்டியது அதற்கு எதிரானது.

போட்டிக்கு முந்திய கிழமை அளவைப் பாதியாக்கு. வேகத்தைக் குறைக்காதே.

இப்போது நான் உன்னிடம் மன்றாடிக் கேட்கும் விஷயம், முழங்கால். முழங்காலின் முன் சிலுவை இணையம் (எலும்புகளைப் பிணைக்கும் நார், ACL) கிழிவது ஆண்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு கூட. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, எழும்பி இறங்கும்போதோ சடுதியாய்த் திரும்பும்போதோதான் நடக்கிறது. இறங்கும்போது முழங்கால்கள் உட்பக்கமாய் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். களைத்தால் இந்தச் சாய்வு கூடும். கடைசிக் கால்பகுதிக்கான மூச்சும் முழங்காலின் பாதுகாப்பும் எனக்கு ஒரே பாடம்தான்.

கிழமைக்கு மூன்று நாள், பயிற்சி தொடங்குமுன் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்கு. பெஞ்சு உயரத்தில் பாதியளவான மேடையிலிருந்து இறங்கி அப்படியே மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக, இடுப்பு பின்னால், சத்தம் வரக்கூடாது. “தொம்” என்று சத்தம் கேட்டால் காலை மடக்காமல் இறங்கியிருக்கிறாள். முதல் இரண்டு கிழமை மொத்தம் அறுபது இறக்கத்துக்கு மேல் வேண்டாம். பிறகு ஒற்றைக்காலில், பிறகு பக்கவாட்டில். தொடையின் பின்தசைக்கு, முழந்தாளிட்டு இருக்கும் பிள்ளையின் கணுக்காலைத் தோழி பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெதுவாய் முன்னுக்குச் சாய வேண்டும். முதல் கிழமை மூன்று தரம் மூன்று போதும், மாதக் கடைசியில் எட்டு வரை போகலாம். முதல் நாளே பத்துச் செய்தால் மறுநாள் மாடிப்படி ஏற மாட்டார்கள், பிறகு அந்தப் பயிற்சியையே வெறுப்பார்கள். பலத்துக்கு இயந்திரம் தேவையில்லை. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானை நெஞ்சோடு அணைத்து இருந்தெழும்பல், முன்னடி வைத்து இறங்கல், ஒற்றைக்காலில் குதிக்காலை உயர்த்தல், எல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு, மூன்று தரம். சபாத்தின் அடி தேய்ந்து வழுவழுப்பானால் அந்தப் பிள்ளையைத் திரும்பல் பயிற்சியில் விடாதே. இங்கே கச்சான் வீசும் காலத்தில் கோர்ட் முழுக்க மண் படியும். விளையாடுமுன் கூட்டிவைப்பது என் பொறுப்பு.

வெயில் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உன் பிள்ளைகள் குளிரிலிருந்து வருகிறார்கள். உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். போட்டிக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினால் இரண்டாம் கால்பகுதியிலேயே வாடிவிடுவார்கள். மூன்று நாலு நாள் முந்தி வா. அதோடு, அங்கேயே கடைசி இரண்டு கிழமை மண்டபத்துக் கதவை மூடி, நீளக்கை மேற்சட்டையோடு முக்கால் மணி நேரம் பயிற்சி கொடு. இடையிடையே தண்ணீர் கொடுத்து, நீயும் கூடவே இருக்க வேண்டும். ஆட்டத்தைப் பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்திருக்கிறோம். அப்போதும் சீமெந்து பகல் முழுக்க வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்க்கச் சொல். அறையில் தனியாகப் பார்த்துத் தாங்களே எழுதட்டும். எல்லார் முன்னாலும் நிறுத்தால் சில பிள்ளைகள் சாப்பிடுவதையே குறைத்துவிடுவார்கள். அறுபது கிலோ உள்ளவள் 58.8க்கு இறங்கினால் இரண்டு வீதம். அதைத் தாண்ட விடாதே. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பிறகு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை கொஞ்சங் கொஞ்சமாய்க் குடிக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாய் நான்கு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, உப்புக் குறைவு. ஒரு சிட்டிகை போட்டுக் கொடு. கடும் வெயிலில் ஒரு பிள்ளை குளிருது என்றாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ உடனே நிழலுக்கு எடுத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறு. ஆஸ்பத்திரிக்கு வாகனம் வரும்வரை நிறுத்தாதே.

நல்லாய்ப் பயிற்சி செய்தும் நேரம் கூடிக்கொண்டே போகிறவளைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதே. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு. ஹீமோகுளோபின் 12க்கு (g/dL) கீழே என்றால் இரத்தச்சோகை. 12க்கு மேலே இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், அதற்கு ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். தேயிலை நாட்டுப் பிள்ளைகள், சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிப்பார்கள். அதிலுள்ள துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் நன்றாகச் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கௌபிக்கோ முருங்கையிலைக்கோ தேசிக்காய் பிழிந்து சாப்பிடட்டும், கொய்யா கிடைத்தால் இன்னும் நல்லது. விடுதியில் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு ஓட வருகிறவர்களைக் கண்டுபிடி. மூன்று மாதம் மாதவிடாய் வராமல் நின்றால் “பயிற்சி கடுமை, அப்படித்தான்” என்று விடுவது பெரும் பிழை. செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பையும் பாதிக்கும். வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். இதைப் பிள்ளைகள் உன்னிடம் சொல்லக்கூடிய மாதிரி நீ முதலில் பேச்சைத் தொடங்கு.

ஆட்டத்தன்று ஒன்று. களைத்த பிறகு ஆளை மாற்றாதே. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை, களைக்குமுன் மாற்று. இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட் உண்டு. மூன்றையும் கடைசி நிமிடத்துக்கென்று பூட்டி வைக்காமல், கடைசிக் கால்பகுதி நடுவில் ஒன்றை வெறும் மூச்சுக்காகவே எடு.

ஆறு ஓட்டத்தின் நேரங்களைப் பிள்ளைக்கு ஒரு வரியாக எழுதி இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு, பெயர் வேண்டாம், சட்டை இலக்கம் போதும். யாரை எந்தக் குழுவில் போடலாம் என்று பார்த்து எழுதுகிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதையும் எழுது. உவர்மலைப் பக்கம் தங்குமிடம் இப்போதே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும்.

அன்புடன்,
உன் தோழி