சாக்சா குழு அறிக்கையைத் தமிழில் தொடராக வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூகவியலாளர் வர்ஜீனியஸ் சாக்சாவைப் பற்றி நம் பத்திரிகைகள் இன்னும் நிறைய எழுத வேண்டும். ஒராவோன் பழங்குடியில் பிறந்தவர், வடக்கு வங்காளத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர், டெல்லி பல்கலைக்கழகத்தில் பல வருடம் பாடம் நடத்தியவர். பழங்குடிகளை வெறும் 'பின்தங்கியவர்கள்' என்று சொல்லிவிட்டுப் போகாமல், தனி மொழியும் நிலமும் வாழ்முறையும் உள்ள சமூகங்களாகப் பார்க்கச் சொன்னவர்.

2013-இல் மத்திய அரசு பழங்குடிகளின் நிலையை ஆராய அவர் தலைமையில் உயர்நிலைக் குழு அமைத்தது. வேலை, கல்வி, சுகாதாரம், சட்டம் எல்லாவற்றையும் பார்த்தார்கள், ஆனால் என்னை உலுக்கியது இடப்பெயர்வு பற்றிய பகுதிதான். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகையில் 8.6 சதவீதம் இருப்பவர்கள், அணைக்கும் சுரங்கத்துக்கும் நிலத்தை இழந்தவர்களில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறார்கள் என்றால் இதை எப்படி வளர்ச்சி என்று சொல்வது?

2014 மே மாதம் அறிக்கை தயாரானது. அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே குறைந்துவிட்டது. தோடர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் நீலகிரிக்கும் அது பொருந்தும். முக்கியப் பகுதிகளை உங்கள் ஞாயிறு இதழில் எளிய தமிழில் தொடராகப் போடுங்கள், முதல் வாரமே, நிலம் எடுக்கும் முன் கிராம சபையின் சம்மதம் பெறுவது பற்றிய பகுதி வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர்