மனை பிரிக்கும் முன் காட்டை ஒருமுறை நடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கஞ்சமலை அடிவாரத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த சோளக்காடு சென்ற ஆண்டு மனையாகிவிட்டது. சிறு வயதில், உழவு ஓட்டி ஒரு மழை பெய்துவிட்டால் அங்கே கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும் இரும்பு உருக்கியபின் மிஞ்சும் கழிவான கனத்த கிட்டமும் கழுவி வைத்தாற்போல் கிடக்கும். ஜேசிபி இரண்டே நாளில் அந்த மேட்டைச் சமன் செய்து, மண்ணை அள்ளித் தெருவுக்குக் கொட்டியது. இப்போது மனைக்கற்கள் மட்டும் நிற்கின்றன.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. அனுமதி தரும்போது சாலை அகலம், பூங்காவுக்கு இடம் எல்லாம் பார்க்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் அருகில் இல்லையென்றால், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இங்கிலாந்தில் 1990 முதல் கட்டட அனுமதியின்போதே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். நம் சேலம் மாவட்டத்துக்கு அது இன்னும் அவசியம். மேட்டூர் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாளின் காலம் கி.மு. 1604–1416 என்று கணித்திருக்கிறார்கள். அதே பக்கத்தில் தெலுங்கனூரில் கிடைத்த வாள் உயர்கரிம எஃகு, அதாவது கரிமம் அதிகம் சேர்ந்த உறுதியான இரும்பு.

பெரிய அகழாய்வெல்லாம் நான் கேட்கவில்லை. உழுத காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து, எந்தக் கட்டத்தில் எத்தனை ஓடு என்று எண்ணி எழுதினாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் ஓடு கண்டவுடன் பழைய ஊர் என்று முடிவுகட்டவும் கூடாது. ஏரி வண்டலோடும் குப்பை எருவோடும் எங்கிருந்தோ வந்த ஓடுகள் எல்லாக் காட்டிலும் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் நெருக்கமாக, முனை தேயாமல், கிட்டமும் சாம்பல் மண்ணும் சேர்ந்து கிடந்தால்தான் சங்கதி. அப்புறம் பக்கத்துக் கிணற்றின் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். மண் அடுக்கு அடுக்காகக் கதை சொல்லும். ஓடைக்கரை நிலம் என்றால் மேலே ஒன்றுமே தெரியாமல் வண்டலுக்கடியில் எல்லாம் இருக்கலாம். அங்கே இரண்டு சோதனைக் குழிகள் போடாமல் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதவே கூடாது.

ஏற்காடு தேவாலய வளாகத்தில் நினைவிடம் கொண்டிருக்கும் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டது சரளைக்காகத் தோண்டிய குழியில்தான். அகழாய்வு எதுவும் செய்யவில்லை. பார்க்கத் தெரிந்த கண் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

‘ஓடு கிடைச்சதுன்னு சொன்னா நிலத்தைப் பிடுங்கிக்குவாங்க’ என்ற பயத்தில்தான் எங்கள் பக்கத்தில் பலர் வாய் திறப்பதில்லை. கீழடியில் தென்னந்தோப்புக்காரர்கள் இடம் கொடுத்ததால்தான் தோண்ட முடிந்தது. முதலில் போட்ட குழிகளைத் திரும்ப மூடியும் விட்டார்கள். மாவட்ட நிர்வாகம் இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே இதேபோல் இன்னும் நான்கு ஏக்கர் மேடு மிச்சமிருக்கிறது. ஆடியில் உழவு ஓட்டுவார்கள். விற்பனைப் பேச்சும் நடக்கிறது. முதல் மழை முடிந்ததும் தெரிந்தவர் யாராவது ஒருநாள் வந்து பார்த்தால் போதும், உடன் நடக்க நான் தயார்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்